ஆள் குறையுது, வா!

மாலை ஆறு மணி தாண்டினால் போதும். ஸ்கூடாய், மாசாய், தம்போய், பெர்மாஸ் ஜெயா என்று ஜொகூர் பாருவைச் சுற்றியுள்ள தாமான்களில் வாட்ஸ்அப் குழுக்கள் விழித்துக்கொள்கின்றன. "ஒன்பது மணிக்கு புட்சால். இன்னும் ஒரு ஆளு குறையுது. யாருப்பா வர்றீங்க?" கோர்ட் வாடகையைப் பத்துப் பேர் பங்கிட வேண்டும். ஒருவர் வராவிட்டால் மற்றவர்களுக்குச் செலவு கூடும், அணியும் நொண்டும். அதனால் வேலை முடிந்து களைத்து வந்தவரும், காலையிலிருந்து முதுகு பிடித்திருக்கிறது என்றவரும் கடைசியில் சப்பாத்தைத் தேடி எடுக்கிறார்கள். ஆட்டம் முடிந்து, பதினொரு மணிக்கு மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு வேறெந்த நேரத்திலும் இல்லாத தெளிச்சி ஒன்று அதில் இருக்கும்.

அந்தத் தெளிச்சி எங்கிருந்து வருகிறது? ஓடியதிலிருந்தா, சேர்ந்து ஓடியதிலிருந்தா? அல்லது, "நீ வந்தால்தான் ஆட்டம்" என்று யாரோ அழைத்ததிலிருந்தா? அறிவியல் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறது. கிடைத்த விடைகளைப் படிக்கப் படிக்க, மூன்றாவதுதான் நாம் நினைப்பதைவிடப் பெரியது என்ற எண்ணம் எனக்கு வலுத்துவருகிறது.

முதலில் உடல். விளையாடினால் மனசு லேசாவதற்கு எண்டோர்பின்தான் காரணம் என்று வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். மூளை தானே சுரந்துகொள்ளும் வலிநிவாரணி அது. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரத்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். எண்டோர்பின் வேலை செய்யவிடாமல் தடுக்கும் மருந்தை ஓட்டப்பழக்கம் உள்ளவர்களுக்குக் கொடுத்து, ஓடவிட்டுப் பார்த்தார்கள். 63 பேர் கலந்துகொண்ட அந்தச் சோதனையில், மருந்து உள்ளே இருந்தும் ஓட்டத்துக்குப் பிந்தைய பரவசம் குறையவில்லை. அப்படியானால் வேறொன்றும் வேலை செய்கிறது. கஞ்சாச் செடியில் உள்ள பொருளை ஒத்த எண்டோகன்னபினாய்டு என்னும் பொருள்களை உடல் தானே உண்டாக்குகிறது. ஓடும்போது இரத்தத்தில் அவற்றின் அளவு ஏறுகிறது. எண்டோர்பின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது, இவை நுழைந்துவிடும்.

ஆனால் இது தனியாக ஓடுகிறவருக்கும் கிடைப்பதுதானே? சேர்ந்து செய்வதில் கூடுதலாக ஏதும் உண்டா என்று கேட்டவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள். உளவியலாளர் ராபின் டன்பாரும் அந்தக் குழுவில் இருந்தார். பல்கலைக்கழகப் படகு அணியைச் சேர்ந்த 12 பேரை, துடுப்பு வலிக்கும் உடற்பயிற்சிக் கருவியில் 45 நிமிடம் உழைக்கவைத்தார்கள். சில நாள் தனித்தனியாக, சில நாள் குழுவாக ஒரே தாளத்தில். ஒவ்வொரு முறையும் முடிந்ததும் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி இறுக்கி, எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். உழைப்பு இரண்டிலும் ஒன்றே. ஆனால் சேர்ந்து வலித்த நாளில் வலி தாங்கும் சக்தி தெளிவாகக் கூடியிருந்தது. 12 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் 2010-ல் வெளியான இந்த ஆய்வு ஒரு கதவைத் திறந்துவிட்டது. சேர்ந்து அசையும் உடலுக்குள் தனியாக அசையும்போது நடக்காத ஏதோ ஒன்று நடக்கிறது.

பெரிய எண்ணிக்கை வேண்டுமென்றால் அமெரிக்காவுக்குப் போகலாம். 12 லட்சம் பேரின் தகவல்களை ஆராய்ந்து 2018-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உடற்பயிற்சி செய்பவர்களுக்கு, மனம் சரியில்லாத நாள்கள் மற்றவர்களைவிட 43.2 சதவீதம் குறைவு. எந்த வகைப் பயிற்சி என்று பிரித்துப் பார்த்தபோது குழு விளையாட்டு முதலிடத்தில் நின்றது. சைக்கிள் ஓட்டுவது அதற்கு மிக அருகிலேயே இருந்ததையும் சொல்லிவிட வேண்டும். இன்னொரு செய்தியும் அதில் உண்டு. வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் அளவில்தான் பலன் உச்சம். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் போட்டு உடலை வாட்டியவர்களின் மனநிலை மோசமாகவே இருந்தது.

கோப்பன்ஹேகன் நகரத்தில் 8,577 பேரைக் கால் நூற்றாண்டு வரை பின்தொடர்ந்த ஆய்வு இன்னும் சுவையானது. அசையாமல் இருப்பவர்களைவிட, ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு ஒன்றரை ஆண்டு கூடுதல் ஆயுள். மெதுவோட்டக்காரர்களுக்கு 3.2 ஆண்டு. காற்பந்து ஆடுகிறவர்களுக்கு 4.7. நம் ஊர்ச் சமூக மண்டபங்களில் இரவு பத்து மணி வரை சத்தம் கேட்கும் பூப்பந்துக்கு 6.2. டென்னிசுக்கு 9.7. எதிரே ஒருவராவது நின்றால்தான் ஆட முடியும் என்ற விளையாட்டுகள் மேலே இருக்கின்றன, தனியாகச் செய்யக்கூடியவை கீழே.

இதைப் படித்தவுடன் டென்னிஸ் மட்டை வாங்க ஓட வேண்டாம். டென்னிஸ் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள். அவர்கள் நீண்டநாள் வாழப் பணமும் நல்ல மருத்துவமும்கூடக் காரணமாக இருக்கும். அதோடு, மனசு நன்றாக இருப்பவர்தானே ஆட வெளியே வருவார், மனம் ஒடிந்தவர் வீட்டுக்குள்ளேயே கிடப்பாரே என்ற கேள்வியும் நியாயமானது. அதற்கு ஓரளவு விடை சொன்னது அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம். கடும் மனச்சோர்வு நோயுள்ள, வயதில் மூத்த 156 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு மருந்து, சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்கு இரண்டும் கொடுத்தார்கள். பதினாறு வாரம் கழித்து மூன்று கூட்டத்தாருமே ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தார்கள். 1999-ல் வெளியான இந்த முடிவு மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. அதை மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஆனால் அசைவு மனதைத் தேற்றுகிறது என்பதற்கு, அந்தச் சோதனையில் குலுக்கலில் கிடைத்த சான்று இருக்கிறது.

இனி நம் ஊர்.

குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், லாபிஸ், சிகாமட், கூலாய் வட்டாரத் தோட்டங்களில் கோயில், தமிழ்ப்பள்ளி, லயத்து வீடுகள், கள்ளுக்கடை இவற்றோடு ஒரு திடலும் இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, பாலெடுத்து, நிறுத்துப் போட்டுவிட்டு மதியம் கடந்து வீடு திரும்புவார்கள். ஐந்து மணிக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு. யாரும் யாருக்கும் சொல்லி அனுப்பத் தேவையில்லை. பந்து தரையில் மோதும் சத்தம் கேட்டால் ஆள் சேர்ந்துவிடும். பள்ளிப் பையன்கள் ஓரத்தில், இளவட்டங்கள் நடுவில், பெரியவர்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் குந்தியபடி விமர்சனம். பக்கத்துத் தோட்டத்தோடு போட்டி என்றால் லோரியில் ஏறிப் போவார்கள். கம்பத்து மலாய்க்கார அணியும் பெக்கானிலிருந்து சீன இளைஞர்களும் ஆட வருவதுண்டு. சில ஆட்டங்கள் கைகலப்பில் முடியும். அதே தோட்டத்திலிருந்து அடுத்த வருடம் பெண் கேட்டு வருவதும் உண்டு.

சமூகவியலில் மார்க் கிரனோவெட்டர் 1973-ல் எழுதிய ஒரு கட்டுரை இன்றுவரை பேசப்படுகிறது. நெருங்கிய உறவுகளைவிட, எப்போதாவது சந்திக்கும் மேலோட்டமான அறிமுகங்கள் வழியாகத்தான் வேலை, வாய்ப்பு, புதிய செய்தி எல்லாம் நம்மை வந்தடைகின்றன என்பது அதன் சாரம். ஒரு லயத்துக்குள் எல்லாருக்கும் எல்லாம் தெரியும், புதிதாக எதுவும் வராது. எதிரணியில் ஆடியவன் சொல்லித்தான் "எங்க ஃபேக்டரியில ஆள் எடுக்கிறான், மச்சான்" என்ற செய்தி தோட்டத்தைத் தாண்டி வரும். திடல் இப்படி ஒரு வேலையையும் சத்தமில்லாமல் செய்துவந்தது.

அத்தகைய திடல்கள் நாடெங்கும் இருந்த காலத்தில்தான் மலேசியக் காற்பந்து ஆசியாவை மிரட்டியது. 1980 ஏப்ரல் 6 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியில் கோல்காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயரெடுத்தவர். தலைவர் சோ சின் ஆன், தற்காப்பில் சந்தோக் சிங், வெற்றிக் கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் மாஸ்கோவுக்குப் போகவே இல்லை. 2016-ல் வந்த 'ஓலா போலா' திரைப்படம் அந்த அணியின் கதையைத் தழுவியது. ஆறுமுகத்தையும் அந்த அணியையும் நாம் கொண்டாடுவது சரி. ஆனால் எந்த அணியிலும் இடம் கிடைக்காமல், முப்பது வருடம் மாலைதோறும் தோட்டத்துத் திடலில் ஆடிவிட்டுப் போனார்களே, அவர்களைப் பற்றித்தான் நான் இங்கே கவலைப்படுகிறேன். அவர்களுக்குக் கிடைத்தது என்ன, அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போனது என்ன?

தோட்ட வாழ்க்கையை நான் பொன்னாக்கிப் பார்க்கவில்லை. கூலி குறைவு, வீடு சொந்தமில்லை, கள்ளுக்கடை பல குடும்பங்களைக் குடித்தது. பெண்களுக்கோ அந்தத் திடல் இருந்தும் இல்லாததுதான். ஆணைப் போலவே மரம் சீவிவிட்டு வந்தவள் ஐந்து மணிக்கு அடுப்பின் முன் நின்றாள். தமிழ்ப்பள்ளியில் வலைப்பந்து ஆடிய சிறுமிக்கு, பள்ளி முடிந்த மறுநாளே விளையாட்டும் முடிந்தது. திடலின் மகிழ்ச்சியைப் பேசும்போது பாதி ஊர் அதற்கு வெளியே நின்றது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

பிறகு தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. மக்கள் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கும் ஸ்கூடாய் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பிரிந்து போனார்கள். சம்பளம் கூடியது. ஒரே நேரத்தில் எல்லாருக்கும் ஓய்வு என்ற ஏற்பாடு மட்டும் உடைந்துவிட்டது. இன்று ஒருவருக்குப் பகல் ஷிப்ட், அடுத்த வீட்டுக்காரருக்கு இரவு ஷிப்ட். இன்னொருவர் சிங்கப்பூருக்குப் போய் வருகிறவர். பாலத்தில் நெரிசலுக்கு முன் கடந்துவிட அதிகாலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளை எடுக்கிறார். இரவு எட்டுக்குத் திரும்பும்போது அவருக்குத் தேவை திடல் அல்ல, தலையணை.

இதில் ஜொகூருக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. 2014-லிருந்து 2024 முடிய இங்கே அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பல தனியார் நிறுவனங்களுக்கும் சிங்கப்பூர் வேலைகளுக்கும் ஞாயிறு. அப்பாவுக்கு ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருப்பான். 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு என்று மாறியது. இதை வெறும் நிர்வாக மாற்றமாக நான் பார்க்கவில்லை. கிறிஸ்டோபல் யங், சேயூன் லிம் என்ற இரு சமூகவியலாளர்கள் 2014-ல் அமெரிக்கக் கருத்துக்கணிப்புத் தரவுகளை வைத்து ஒரு வியப்பான உண்மையைக் காட்டினார்கள். வார இறுதி வந்தால் வேலைக்குப் போகிறவர்களின் மனநிலை உயர்வது இயல்பு. வேலையே இல்லாதவர்களின் மனநிலையும் ஏறக்குறைய அதே அளவு உயர்கிறது! ஓய்வு அவர்களுக்கு எல்லா நாளும்தான் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் மட்டும் மற்றவர்களும் ஓய்வாக இருக்கிறார்கள். ஓய்வு நேரம் தொலைபேசி மாதிரி. ஊரில் ஒருவரிடம் மட்டும் இருந்தால் அதனால் என்ன பயன்?

அமெரிக்காவில் ராபர்ட் புட்னம் இதே இழப்பை வேறொரு விளையாட்டில் கண்டார். 1980-க்கும் 1993-க்கும் இடையில் பௌலிங் ஆடுகிறவர்கள் பத்து சதவீதம் கூடியிருந்தார்கள். சங்கமாகச் சேர்ந்து வாரந்தோறும் ஆடுவதோ நாற்பது சதவீதம் சரிந்திருந்தது. ஆட்டம் அழியவில்லை, அதைச் சுற்றியிருந்த கூட்டம் கலைந்துவிட்டது. ஜொகூர் பாருவின் பேரங்காடிகளில் கண்ணாடிச் சுவரை ஒட்டி வரிசையாக டிரெட்மில்லில் ஓடுகிறவர்களை, ஒவ்வொருவர் காதிலும் ஒரு இயர்ஃபோனோடு, பார்க்கும்போது எனக்கு அந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும். அவர்கள் செய்வது உடலுக்கு நல்லதுதான். ஆனால் நாளை அவர்களில் ஒருவர் வராவிட்டால் பக்கத்து டிரெட்மில்காரர் ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டார்.

'ஆள் குறையுது' என்ற அழைப்பின் பலம் அங்கேதான். டென்மார்க்கில் விளையாட்டுப் பழக்கமே இல்லாத பெண்களை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தை ஓடவும் மற்றதைக் காற்பந்து ஆடவும் பதினாறு வாரம் பழக்கினார்கள். ஓடியவர்களின் பேச்சு தங்கள் உடல்நலத்தைச் சுற்றியே இருந்தது. பந்தாடியவர்கள் அணியைப் பற்றி, ஆட்டத்தில் நடந்ததைப் பற்றி, ஒருத்திக்காக இன்னொருத்தி ஓடியதைப் பற்றிப் பேசினார்கள். 'நான் போகாவிட்டால் மற்றவர்களுக்கு ஆட்டம் கெடும்' என்ற நினைப்பே அவர்களை வீட்டைவிட்டுக் கிளப்பியது. மலேசியாவில் 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 54.4 சதவீதத்தினர் அளவுக்கு மீறிய எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள். இவர்களிடம் "உடம்புக்கு நல்லது, நடங்க" என்று ஆண்டாண்டாகச் சொல்லிப் பார்த்துவிட்டோம். உடம்புக்காக வராதவர் நண்பனுக்காக வருவார் என்பதை நம் சுகாதாரப் பிரசாரங்கள் இன்னும் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை.

விளையாட்டு இனங்களைச் சேர்க்கும் என்று மேடையில் சொல்கிறோமே, அது உண்மையா? இங்கேதான் அறிவியல் நம்மைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறது. ஈராக்கில் ஐஎஸ் தீவிரவாதிகளால் துரத்தப்பட்ட கிறிஸ்தவர்களின் காற்பந்து அணிகளில், சல்மா மூசா என்ற ஆய்வாளர் குலுக்கல் முறையில் சில அணிகளுக்கு மட்டும் முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்தார். ஆட்டத்தொடர் முடிந்து ஆறு மாதம் கழித்தும் கலப்பு அணியில் இருந்தவர்கள் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் திடலுக்கு வெளியே, முன்பின் அறியாத முஸ்லிம்களிடம் அவர்கள் மனம் பெரிதாக மாறவில்லை. உத்தரப் பிரதேசத்தில் மாட் லோ நடத்திய கிரிக்கெட் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. 1,261 இளைஞர்கள், வெவ்வேறு சாதியினர். ஒரே அணியில் வேறு சாதிக்காரரோடு ஆடியவர்களுக்குச் சாதி தாண்டிய நட்பு கூடியது. வேறு சாதிக்காரர்களை எதிரணியாக மட்டுமே சந்தித்தவர்களுக்கு அது குறைந்தது.

இதை ஜொகூரில் வைத்துப் பாருங்கள். இந்தியர் அணி, மலாய்க்காரர் அணி, சீனர் அணி என்று பிரித்து 'ஒற்றுமைக் கிண்ணம்' நடத்தினால் ஒற்றுமை வளரும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை. பெயர்களைக் குலுக்கிப் போட்டு அணி பிரித்தால் வளரக்கூடும். வாடகை பங்கிடும் நெருக்கடியில், இனம் பார்க்காமல் கிடைத்த ஆளை இழுத்துப்போட்டு ஆடும் இரவு நேர புட்சால் குழுக்கள், தாங்கள் அறியாமலே இதைச் சரியாகச் செய்கின்றன.

ஜொகூரின் காற்பந்துக் கழகமான ஜேடிடியின் ரசிகர்கள் இந்த இடத்தில் என்னைக் கேட்கலாம்: "நாங்க ஆடறதில்லை, பார்க்கிறோம். எங்களுக்கு ஒண்ணுமில்லையா?" உண்டு. 2015-ல் ஏஎஃப்சி கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசிய அணி அது. இஸ்கண்டார் புத்ரியில் வாழையிலை வடிவில் எழுந்து 2020-ல் திறக்கப்பட்ட சுல்தான் இப்ராஹிம் அரங்கில் நாற்பதாயிரம் பேர் அமரலாம். இங்கிலாந்தில் 7,209 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பு, அரங்குக்கு நேரில் போய்ப் பார்ப்பவர்களுக்கு வாழ்க்கைத் திருப்தி கூடுதல், தனிமை குறைவு என்று காட்டியது. ஆனால் வெற்றி தோல்வியைத் தன் உயிராக எடுத்துக்கொள்வதற்கு ஒரு விலை இருக்கிறது. பிரிட்டனில் கைபேசிச் செயலி வழியே ரசிகர்களின் மனநிலையை அளந்தபோது, ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்தில் வெற்றி தந்த மகிழ்ச்சி நூறுக்கு 3.9 புள்ளி. தோல்வி பறித்தது 7.8 புள்ளி. சொந்தமாக ஆடித் தோற்றவனுக்குத் தே தாரிக் மேசையில் பேசிச் சிரிக்க ஒரு கதையாவது மிஞ்சும். ஆடாமல் தோற்ற ரசிகனுக்கு வெறும் தோல்விதான்.

ஆகவே கேட்க வேண்டியவை பெரிய அரங்குகள் அல்ல. முதலில் மாறாத நேரம். ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமை, ஒரே மணி. ஷிப்ட் தொழிலாளிகளுக்காக இரவில் ஒன்று, காலையில் ஒன்று. அடுத்து பெண்களுக்கான இடம். தாமான்களின் பாலாய் ராயாவில் அம்மாமார் சேர்ந்து ஸும்பா ஆடுவது நல்ல தொடக்கம். பள்ளியோடு நின்றுபோன வலைப்பந்தையும் திரும்பக் கொண்டுவந்தால், முப்பது வயதில் ஒரு அணியில் தன் பெயர் இருப்பதன் மதிப்பு அவர்களுக்கும் கிடைக்கும். அது கிடைக்க வேண்டுமானால் அந்த ஒரு மணி நேரம் வீட்டில் பிள்ளையை யார் பார்ப்பது, சோறு யார் வடிப்பது என்று ஆண்கள் பேசித் தீர்க்க வேண்டும். ஆட்டத்திட்டத்தில் அதையும் ஒரு வரியாக எழுதலாம்.

புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நோர்த் வரையிலான ஆர்டிஎஸ் ரயில் பாதை, நான்கு கிலோமீட்டரை ஏறக்குறைய ஐந்தே நிமிடத்தில் கடக்கும்படி திட்டமிடப்பட்டது. பாலத்து நெரிசலில் தினமும் கரையும் நேரத்தில் கொஞ்சமாவது சிங்கப்பூர் போய் வருகிறவர்களுக்குத் திரும்பக் கிடைத்தால், அது ஓவர்டைமுக்குப் போகுமா, கைபேசிக்குப் போகுமா, ஆட்டத்துக்குப் போகுமா? ஆட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் வீட்டருகில், வாடகை கேட்காத ஒரு திடல் வேண்டும். அதை எங்கும் தேடவேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் திடல் இருக்கிறது. பள்ளி விட்டதும் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். மாலையில் வாரம் இரண்டு நாள் அதைத் திறந்துவிட, பொறுப்பேற்க இரண்டு பெரியவர்கள், ஒரு விளக்கு, காயம் பட்டால் கட்டுப்போட ஒரு முதலுதவிப் பெட்டி போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை எழுத்து மூலம் முன்வைக்கலாம்.